ஜமாபந்தி என்பது மனு முகாம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் கோடையில் "ஜமாபந்தி தொடங்கியது, முதல் நாளில் மனுக்கள் குவிந்தன" என்று எல்லா நாளிதழ்களிலும் செய்தி வருகிறது. முதியோர் உதவித்தொகை, வீட்டுமனை, குடிநீர் என்று வந்த மனுக்களின் எண்ணிக்கையோடு செய்தி முடிந்துவிடுகிறது. மக்கள் மனு கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் ஜமாபந்தி மனு வாங்குவதற்காக ஏற்பட்டதல்ல. அதன் தமிழ்ப்பெயர் வருவாய்த் தீர்வாயம். கிராமத்தின் ஓராண்டு நிலவரிக் கணக்கை மேலதிகாரி முன் வைத்து, வரியைத் தீர்த்து, கையொப்பம் வாங்கி மூடும் சடங்கு அது. இன்றைக்கும் ஜமாபந்தி அதிகாரி நில அளவைச் சங்கிலியைப் பார்வையிடுவதாகப் படம் வருகிறதே, மனு முகாமில் சங்கிலிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சங்கிலியின் கதை தெரிந்தால்தான் பட்டா, சிட்டா, அடங்கல், புறம்போக்கு ஆகிய சொற்கள் எதற்காகப் பிறந்தன என்பது விளங்கும். இன்று நிலத்துக்காக அலைகிறவர்களின் பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், கைக்கு வந்தன. அங்கே வரி வசூலிக்க அனுப்பப்பட்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குத் துணையாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. இருவரும் பட்டாளத்துக்காரர்கள், சிவில் வேலைக்குப் பழகியவர்கள் அல்லர். ஆனால் தமிழ்நாட்டு நிர்வாகத்தின் அச்சு அவர்கள் கையில்தான் வார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1793-இல், வங்காளத்தில் கார்ன்வாலிஸ் ஜமீன்தார்களோடு நிரந்தர ஒப்பந்தம் செய்துகொண்டார். ஜமீன்தார் இவ்வளவு கட்ட வேண்டும், கீழே குடியானவனிடம் எப்படி வாங்குவது என்பது அவர் பாடு. அந்த ஏற்பாட்டில் சர்க்காருக்கு கிராமத்தைப் பற்றி ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை. பாராமகாலில் ரீடும் மன்றோவும் போன வழி வேறு. நடுவில் ஆள் வேண்டாம், நிலத்தை உழுகிற ரயத்தோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்வோம் என்றார்கள். ரயத்துவாரி என்ற பெயர் அப்படி வந்தது.

இதைக் குடியானவன் மேல் வந்த கருணை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. நடுவில் இருப்பவனுக்குப் போகும் பங்கும் கஜானாவுக்கு வரட்டும் என்பதே கணக்கு. ஆனால் ஒன்று உண்மை. ரயத்தோடு நேரடியாகக் கணக்கு வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு வயலும் தெரிந்தாக வேண்டும். எவ்வளவு பரப்பு, என்ன மண், என்ன தண்ணீர், யார் பெயர், இந்த வருஷம் என்ன பயிர், விளைந்ததா பொய்த்ததா என்று அத்தனையும் ஆண்டுதோறும் எழுத வேண்டும். வங்காளத்துக்குச் சில பெரிய பேரேடுகள் போதும். சென்னை மாகாணத்துக்குக் கிராமத்துக்குக் கிராமம் கணக்கர் வேண்டும். நிர்வாகம் முழுவதும் அடி பருத்து, கிராமத்தில் வேர் விட்டு நின்றது இதனால்தான்.

1800-இல் நிஜாமிடமிருந்து வந்த பல்லாரி, கடப்பைப் பகுதிகளுக்கு மன்றோ முதன்மைக் கலெக்டராகப் போய், 1807 வரை அங்கே இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். அவருடைய அளவைக்காரர்கள் பிடித்த சங்கிலி 33 அடி. அந்தச் சங்கிலியால் ஒரு சதுரம் அளந்தால் ஒரு குண்டை, நாற்பது குண்டை ஓர் ஏக்கர். மண்ணைத் தரம் பிரிக்க அந்தந்த ஊர்க் கணக்கரை விடாமல் வேற்றூர் ரெட்டிகளையும் (ஊர்த் தலைவர்கள்) கர்ணங்களையும் (ஊர்க் கணக்கர்கள்) அமர்த்தி, அவர்கள் போட்ட தரத்தை மேலே இன்னொருவர் சரிபார்க்கும்படி வைத்தார். சொந்த ஊர்க்காரன் சொந்தக்காரனுக்குச் சாதகமாக எழுதுவான் என்பது 200 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஊரைவிட்டுப் போகும் முன், வரி தாங்க முடியாத அளவில் இருக்கிறது, கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று அவரே எழுதினார். மேலிடம் அப்போது ஏற்கவில்லை. இடையில் சிவகங்கை, இராமநாதபுரம் போன்றவற்றுக்கு ஜமீன் சன்னது (உரிமைப் பத்திரம்) கொடுத்தார்கள். சேலம், செங்கல்பட்டுப் பக்கம் கிராமங்களை மிட்டாக்களாகக் கட்டி ஏலம் விட்டார்கள், பல மிட்டாக்கள் நொடித்துப் போயின. பிறகு கிராமம் முழுவதையும் சில ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள், அதுவும் நிற்கவில்லை. 1820-இல் மன்றோ கவர்னரானார். ரயத்துவாரி மாகாணத்தின் பொது முறையாக உறுதிப்பட்டது அவர் காலத்தில்தான்.

அதிகாரம் மேலிருந்து எப்படி இறங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். கோட்டையில் கவர்னரும் அவருடைய கவுன்சிலும். அவர்களுக்குக் கீழே 1786-இல் ஏற்பட்ட ரெவினியூ போர்டு. போர்டுக்குக் கீழே நேராக ஜில்லா கலெக்டர். வங்காளத்திலும் பம்பாயிலும் பஞ்சாபிலும் பல ஜில்லாக்களைச் சேர்த்து ஒரு கமிஷனர் உண்டு. சென்னை மாகாணத்தில் அந்தப் படியே கிடையாது. அதனால் நம் கலெக்டர்கள் மற்ற மாகாணத்தாரைவிடத் தனிக்காட்டு ராஜாக்களாக இருந்தார்கள், போர்டின் நிலையாணைகளும் தடித்துக்கொண்டே போயின. நில ஒப்படைக்குப் போர்டு நிலையாணை 15, பட்டா மாறுதலுக்கு 31 என்று இன்றைக்கும் வருவாய்த்துறைக் கோப்புகளில் எண் போட்டு எழுதுகிறார்களே, அந்தப் போர்டு 1980-லேயே கலைக்கப்பட்டுவிட்டது. எழுதியவர் போய்விட்டார், ஆணை மட்டும் நின்று பேசுகிறது.

கலெக்டருக்குக் கீழே டிவிஷனுக்கு ஒரு சப்-கலெக்டர் அல்லது டெபுடி கலெக்டர், தாலுகாவுக்கு தாசில்தார், சில கிராமங்கள் சேர்ந்த பிர்க்காவுக்கு ரெவினியூ இன்ஸ்பெக்டர், கிராமத்தில் தலைவரான மணியக்காரரும் கணக்கரான கர்ணமும், அவர்களுக்குக் கீழே தலையாரி, வெட்டியான், ஏரியுள்ள ஊரில் நீர்க்கட்டி. ஜில்லா, தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி என்று பெயர்களெல்லாம் நவாபு காலத்துச் சொற்களாகவே இருப்பதைக் கவனிக்கலாம். பெயரை மாற்றவில்லை. பணம் போகும் வழியைத்தான் மாற்றினார்கள். மணியக்காரர் வசூலித்து, இருசால் கட்டி, தாலுகா கஜானாவில் செலுத்துவார். கர்ணம் எழுதுவார். பணத்தைத் தொடுகிறவர் கணக்கு எழுதக்கூடாது, கணக்கு எழுதுகிறவர் பணத்தைத் தொடக்கூடாது என்ற ஏற்பாடு மேலே கஜானா வரைக்கும் உண்டு. நன்றாக யோசித்துச் செய்த பிரிவினை அது.

ஆனால் பணத்தில் பிரித்த புத்தி அதிகாரத்தில் இல்லை. 1816-ஆம் ஆண்டு ரெகுலேஷன்களால் மாஜிஸ்திரேட்டு வேலையும் போலீஸும் கலெக்டரிடம் சேர்ந்தன. வரி கேட்கிறவரே வழக்கு விசாரிக்கிறவர், அவரே சேவகர்களை ஏவுகிறவர். கிராமத் தலைவருக்கும் சின்ன வழக்குகளில் தண்டிக்கும் உரிமை வந்தது. வசைச் சொல்லுக்கும் சிறு கைகலப்புக்கும் அவர் ஒருவரைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். அதே குற்றத்தை 'கீழ்ச்சாதி' என்று எழுதப்பட்டவர் செய்தால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் கால் மாட்டி வைக்கலாம். இது ஊர் வழக்கமாக இருந்ததல்ல, 1816-இன் 11-ஆம் ரெகுலேஷனில் அச்சிட்ட சட்டம். சாதிக்கொரு தண்டனையை வெள்ளைக்காரன் வந்துதான் ஒழித்தான் என்று பேசுகிறவர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வரியும் தடியும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது அரசாங்கமே அமைத்த சித்திரவதை விசாரணைக் கமிஷனின் 1855-ஆம் ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. கிட்டி என்பது இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, நடுவில் விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது கழுத்தில் கயிறு மாட்டிக் குனிய வைத்து, அந்தக் கயிற்றைக் கால் பெருவிரலோடு பிணைத்து வெயிலில் நிறுத்துவது. கிஸ்தி (நிலவரித் தவணை) பாக்கிக்காக இவை நடந்தன. செய்த கைகள் தாலுகாச் சேவகர்களுடையவை. ஆனால் பாக்கி இல்லாமல் கணக்குக் காட்டு என்று மேலிருந்து வந்த நெருக்குதல்தான் அந்தக் கைகளை இயக்கியது. கீழ்ச் சிப்பந்திகளின் கொடுமை என்று மட்டும் இதைச் சொல்லி முடிப்பது நேர்மையல்ல என்பது என் கருத்து. இதற்குப் பிறகுதான் 1859-இன் 24-ஆம் சட்டத்தால் போலீஸ் தனித் துறையானது.

அடுத்து 1858-இல் தொடங்கிய சர்வே செட்டில்மெண்ட், அதாவது நிலத்தை அளந்து தீர்வை என்னும் நிலவரியை நிர்ணயித்த வேலை. சர்வே எண் வாரியாக நிலத்தின் விவரம் சொல்லும், இன்று நம் கையில் இருக்கும் 'அ' பதிவேட்டின் தாய் இதுதான். முதலில் எல்லைக் கல் நட்டார்கள். பிறகு 66 அடி கன்டர் சங்கிலி. சங்கிலிக்கு 100 லிங்க், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். பழைய புல வரைபடத்தில் கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண் அடியென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். அது லிங்க். ஒரு லிங்க் என்பது 0.66 அடி. 150 என்று எழுதியிருந்தால் 99 அடி.

அளந்தபின் மண். 'அ' பதிவேட்டில் 'மண் வயனமும் ரகமும்' என்ற கலத்தில் 7-2, 8-3 என்று போட்டிருக்கும். முதல் எண் மண்ணின் வகை. 3, 4, 5 கரிசல், 7 செம்மண் கலவை, 8 செம்மணல். இரண்டாவது எண் அந்த வகையில் அது எத்தனையாவது ரகம் என்பது. எண் கூடக் கூட ரகம் தாழ்வு. இந்த இரண்டோடு தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை மாதம் நிற்கும் என்பதையும் வைத்து 'தரம்' போட்டார்கள். தரத்திலிருந்து தீர்வை.

தீர்வை எப்படி வந்தது என்பதை ஒரு கணக்காகவே காட்டலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, முறை அவர்களுடையது. ஓர் ஏக்கர் நஞ்சையில் 800 படி நெல் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 படி ஒரு மரக்கால், 400 மரக்கால் ஒரு கரிசை, ஆகவே 3,200 படி ஒரு கரிசை. நம் விளைச்சல் கால் கரிசை. பருவம் பொய்க்கும் ஆண்டுகளுக்காக அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினால் 640 படி. பஞ்ச ஆண்டுகளை விட்டுவிட்டு 20 ஆண்டுகளின் சராசரி விலையை எடுப்பார்கள், அது கரிசைக்கு 100 ரூபாய் என்று கொள்வோம். வண்டிக் கூலிக்கும் வியாபாரியின் லாபத்துக்கும் நூற்றுக்குப் பத்துக் கழித்தால் 90. அப்போது 640 படிக்கு 18 ரூபாய். சாகுபடிச் செலவு 8 ரூபாய் கழித்தால் 10. அதில் சரிபாதி சர்க்காருக்கு. ஏக்கருக்கு 5 ரூபாய் தீர்வை. இப்படி நிர்ணயித்ததை 30 ஆண்டுக்கு மாற்றுவதில்லை என்பது விதி.

கணக்கு பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. கோளாறு எங்கே என்றால், ஒவ்வொரு படியிலும் ஒருவர் மதிப்பிட்டுப் போடும் எண் உட்காருகிறது. சாகுபடிச் செலவில் வீட்டு ஆட்களின் உழைப்புக்கு எவ்வளவு போட்டார்கள்? சராசரி விலையில் அறுவடை நேரத்து விலை எவ்வளவு? குடியானவன் விற்பது கிஸ்திக் கெடுவுக்கு முன்னால், மலிவான நேரத்தில். மேலும் வரி காசாகத்தான் கட்ட வேண்டும். நெல் அழுகிப்போனாலும் காசு கேட்கும். கெடு தவறினால் 1864-இன் வருவாய் வசூல் சட்டம் இருந்தது. அதன்படி முதலில் நோட்டீஸ், பிறகு அசையும் பொருள் ஜப்தி, பிறகு நிலம் ஏலம். ஏலத்தில் கேட்பார் இல்லையென்றால் சர்க்காரே பெயரளவு விலைக்கு எடுத்துக்கொள்ளும்.

வரி ஆண்டு ஜனவரியில் தொடங்கவில்லை. பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பழைய ரசீதில் பசலி மட்டும் இருந்தால் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 590-ஐயும், ஜனவரியிலிருந்து ஜூன் வரை 591-ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். பசலி 1400 என்றால் 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. பத்திரத்தின் தேதிக்கும் கிஸ்தி ரசீதுக்கும் ஓராண்டு முரண்படுகிறது என்று வழக்கு வரைக்கும் போனவர்கள் உண்டு. பல நேரங்களில் அது இந்தக் கூட்டல் பிழைதான்.

அந்த ஆண்டுக்குள் கர்ணம் வயல் வயலாகப் போய் எழுதியது கிராமக் கணக்கு எண் 2, அதாவது அடங்கல். சர்வே எண் வரிசையில் நிலத்தைப் பின்பற்றிப் போவது அது. சிட்டா என்னும் 10(1)-ஆம் எண் கணக்கு ஆளைப் பின்பற்றிப் போவது, ஒரு பட்டாதாரரின் பெயரில் எங்கெங்கே என்னென்ன நிலம் என்று. ஒரே செய்தியை நிலத்தின் பக்கமிருந்தும் ஆளின் பக்கமிருந்தும் தனித்தனியே எழுதி, இரண்டின் கூட்டும் ஒத்துவருகிறதா என்று பார்த்தார்கள். ஒத்துவராவிட்டால் ஒரு வயல் கணக்கிலிருந்து நழுவியிருக்கிறது. ரெவினியூ இன்ஸ்பெக்டரும் தாசில்தாரும் வயலுக்கே போய்ப் பார்ப்பதற்கு அஸ்மாயிஷ் என்று பெயர். புஞ்சைக்குச் சர்க்கார் தண்ணீர் பாய்ந்திருந்தால் தீர்வை ஜாஸ்தி, நஞ்சையில் கூடுதல் போகம் எடுத்திருந்தால் பசல் ஜாஸ்தி, பயிர் சாவியானால் வஜா, அதாவது தள்ளுபடி. நிலம் வேண்டாம் என்றால் ராஜிநாமா, தரிசு வேண்டும் என்றால் தர்க்காஸ்து. இவை அனைத்தையும் சேர்த்து, இந்த ஆண்டு இந்தக் கிராமத்தின் மொத்தக் கேட்பு (வசூலிக்க வேண்டிய தொகை) இவ்வளவு என்று கலெக்டரோ டிவிஷன் அதிகாரியோ முடித்துக் கையொப்பமிட்ட நாள்தான் ஜமாபந்தி. வயல் வரப்பில் எழுதிய ஓர் எண் தாலுகா வழியாகப் போர்டு வரைக்கும் கூட்டிக்கொண்டே போகும். வேறெந்த மாகாணத்திலும் இவ்வளவு நுணுக்கமான கிராமக் கணக்கு எழுதப்பட்டதாக நான் நினைக்கவில்லை. அதை எழுதிய கர்ணங்களின் கையெழுத்து அழகுக்காகவே சில ஏடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறேன் என்றால், பட்டா என்பது இந்த எந்திரத்தின் ஒரு சீட்டு. "இந்த நிலத்துக்கு இந்த ஆண்டு வரி கட்ட வேண்டியவர் நீங்கள்" என்று சர்க்கார் கொடுத்த சீட்டு. உரிமை கிரயப் பத்திரத்திலும், பாகப் பிரிவினையிலும், உயிலிலும், அனுபோகத்திலும் இருக்கிறது. பட்டா மட்டுமே உரிமையைத் தராது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இந்தப் பிறப்புதான். பட்டாவில் பெயர் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்களும், பட்டா பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் தவறாக ஏறிவிட்டதால் நிலமே போயிற்று என்று கலங்குகிறவர்களும் ஒரே தவறைத்தான் இரண்டு பக்கமிருந்து செய்கிறார்கள்.

வரி கட்டுகிறவர் யார் என்ற கேள்வியை மட்டும் கேட்ட ஏடு, மற்றக் கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டது. மேய்ச்சல் நிலம், மந்தை, களம், வண்டிப்பாதை, குளத்துக் கரை ஆகியவை ஊருக்குப் பொதுவாக இருந்தவை. தீர்வை இல்லாததால் கணக்குக்குப் புறத்தே போயின. அதுதான் புறம்போக்கு. இன்றைக்கு அந்தச் சொல் வசவாகவே ஆகிவிட்டது. ஊர்ப்பொது என்ற ஒரு கலம் பதிவேட்டில் இல்லாமல் சர்க்கார் என்ற கலத்தில் போய் விழுந்ததால், பிற்காலத்தில் அவற்றை ஒப்படை செய்யவும் கட்டடம் கட்டவும் ஊரைக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இந்த முறையின் ஆகப்பெரிய இழப்பு இதுவென்றே நான் கருதுகிறேன்.

குடியிருப்பு நத்தத்துக்கும் தீர்வை இல்லை. அதனால் அதை ஒரே எண்ணாக வட்டமிட்டு விட்டுவிட்டார்கள், உள்ளே வீடு வீடாக அளக்கவில்லை. நூறாண்டுக்கு மேல் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல், நத்தம் நிலவரித் திட்டம் வந்து தோராயப் பட்டா, தூய பட்டா என்று கொடுக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது இதனால்தான்.

உழுதவரும் ஏட்டில் இல்லை. தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் பட்டா மிராசுதார் பெயரில். வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர், பண்ணையாள், யாருக்கும் கலம் கிடையாது. குத்தகைதாரரின் பெயரைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் 1969-இல்தான் வந்தது. ரயத்துவாரி என்ற பெயரில் இருக்கும் ரயத்து பல ஊர்களில் ஏர் பிடித்தவரே அல்ல. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய குறிப்பு இந்த ஓட்டையைத்தான் காட்டியது. தரிசு இருந்தாலும் தர்க்காஸ்து போட அவர்களை மிராசுதார்கள் விடவில்லை என்று அவர் எழுதினார். அதன் பலனாக 1892 செப்டம்பர் 30-இல் வந்த 1010-ஆம் எண் அரசாணையால் கொடுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை செட்டில்மெண்ட் காலத்து ஏடுகளில் இருக்கிறது. பிற்கால நகல்களில் அந்தக் குறிப்பு விடுபட்ட இடங்களில்தான் நிலம் கைமாறிப் போயிருக்கிறது.

இங்கேதான் நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. ஒழித்தது சரியே, ஒரு சாதிக்கும் குடும்பத்துக்கும் உரியதாக ஏட்டை விட்டுவைத்திருக்கக் கூடாது. ஆனால் ஏடு கைமாறியபோது ஏட்டைப் படிக்கும் பழக்கம் முழுதாகக் கைமாறவில்லை. அதே காலத்தில் நடந்த பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் ஏக்கர் ஹெக்டேரானது. ஹெக்டேரில் நூற்றில் ஒரு பங்கு ஓர் ஏர். 1 ஏக்கர் 37 சென்ட் என்பது துல்லியமாக 55.44 ஏர். பதிவேட்டில் 0.55.5 என்று அரை ஏருக்கு முழுமையாக்கியிருப்பார்கள். ஒரு வயலுக்கு இது அற்பம். பத்து உட்பிரிவு செய்து ஒவ்வொன்றையும் இப்படி முழுமையாக்கினால் கூட்டிப் பார்க்கும்போது தாய் எண்ணின் பரப்போடு ஒட்டாது. கல் நடாமல் காகிதத்திலேயே உட்பிரிவு செய்ததும் சேர்ந்தால், கடைசித் துண்டு வாங்கியவருக்கு இடமே இல்லை. கூட்டுப் பட்டாவில் ஒரு பெயர் விடுபட்டதும், 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்று இருந்தது 'அனாதீனம்' (உரிமையாளர் இல்லாதது) என்று மாறியதும் இந்த நகலெடுப்பில்தான்.

இப்படிச் சிக்கல் வந்தால் இன்றைய கணினிச் சிட்டாவை மட்டும் பார்த்துப் பயனில்லை. அங்கிருந்து மேம்பாட்டுத் திட்டத்து 'அ' பதிவேடு, அதற்கு முன் மறுநில அளவைப் பதிவேடு, அதற்கு முன் செட்டில்மெண்ட் பதிவேடு, அதற்கும் முன் பைமாஷ் என்னும் பழைய அளவை ஏடு என்று படிப்படியாகப் பின்னே போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் எண் மாறும். பழைய எண் எந்தப் புதிய எண்ணாயிற்று என்று காட்டும் ஒப்புநோக்குப் பட்டியல்தான் சாவி. அது கிடைக்கவில்லையென்றால் நான்கெல்லையை வைத்துத்தான் நிலத்தைப் பிடிக்க முடியும். இனாம் (மானியமாக விடப்பட்ட) நிலமானால் 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். கோயில் நில வழக்குகள் பலவும் அதில் ஒரு வரியைப் பிடித்துத்தான் நிற்கின்றன. பழைய ஜமீன் கிராமங்களில் 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் செட்டில்மெண்ட் நடந்தது. அங்கே போய் 19-ஆம் நூற்றாண்டு ரயத்துவாரி ஏட்டைத் தேடக்கூடாது.

கோப்பைத் தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. வருவாய் அலுவலகக் கடிதத்தின் தலையில் ந.க. என்று இருந்தால் நடப்பில் உள்ளது. முடிந்த கோப்புக்கு ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு வைத்திருப்பார்கள், நி.மு. என்றால் நிரந்தரம். நிலத்தைப் பற்றிய உத்தரவு தவறுதலாக மூ.மு.வில் முடிக்கப்பட்டிருந்தால் நான்காம் ஆண்டு அது இருக்காது. உத்தரவு கையில் கிடைத்த உடனே சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்வதுதான் ஒரே காப்பு.

செட்டில்மெண்ட் பதிவேடுகளும் ஒப்புநோக்குப் பட்டியல்களும் தாலுகா, மாவட்டப் பதிவறைகளில் பழந்துணிக் கட்டுகளாகக் கிடக்கின்றன. ஓரம் பொடிந்து வருகிறது. ஓரத்தில்தான் சர்வே எண் கலம் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு 1909-இல் எழுப்பிய கட்டடமாவது இருக்கிறது, தாலுகா ஏட்டுக்கு அதுவும் இல்லை. கணினிச் சிட்டாவை இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கும் அரசு, கிராமவாரியாக ஒப்புநோக்குப் பட்டியலையும் பழைய 'அ' பதிவேட்டையும் வருடி (ஸ்கேன் செய்து) அதே தளத்தில் ஏற்ற வேண்டும். பஞ்சமி நிபந்தனை எழுதியிருக்கும் பக்கங்களை முதலில் ஏற்ற வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பயிற்சியில் பைமாஷ் ஏட்டைப் படிக்கவும் லிங்க் அளவில் புலப்படம் பார்க்கவும் செய்முறையாகச் சில நாட்களாவது ஒதுக்க வேண்டும். அடுத்த ஜமாபந்திச் செய்தியில் மனுக்களின் எண்ணிக்கையோடு, எத்தனை கிராமங்களில் அடங்கலும் சிட்டாவும் ஒத்துப் பார்க்கப்பட்டன, எத்தனை ஒத்துவரவில்லை என்பதையும் கேட்டு எழுதும்படித் தங்கள் நிருபர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நில ஆவணங்களில் ஈடுபாடுள்ள வாசகர்,
சேலம்